ஒரு மணி நேரப் புல்லுக்கு என்ன விலை?

அக்கா மகன் டல்லாஸில் இருக்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது போன் பண்ணினான். "மாமா, நீங்க இருபது வருஷமா புல்லு வெட்டுற வேலையிலதான் இருக்கீங்க. ஒரு யோசனை சொல்லுங்க. புது வீட்டுல ஒரு ஏக்கர் புல்லு. உக்காந்து ஓட்டுற மெஷின் வாங்கணும். பேட்டரி மெஷின் வாங்கலாமா, பெட்ரோல்லயே போயிடலாமா?"

மீன் பையைக் கீழே வைத்துவிட்டு ஓரமாக நின்று பேசினேன். அதற்கு முந்தின புதன்கிழமைதான் எங்கள் முதலாளியும் இதே கேள்வியோடு என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கணக்குப் போடப் போட, ஒருவருக்குச் சரியாக இருப்பது இன்னொருவருக்குப் பொருந்தவில்லை. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் தொழிலில் இருக்கும் சூப்பர்வைசர்கள் சிலருக்காவது பயன்படும்.

முதலில் ஊர் நிலவரம். சிங்கப்பூரில் புல் வளராத மாதம் கிடையாது. ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வருடத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான நாட்கள் மழை நாட்கள். இங்கே திடலிலும் சாலையோரத்திலும் பெரும்பாலும் பார்ப்பது கௌ கிராஸ் எனப்படும் அகல இலைப் புல். தரையோடு தரையாகக் கொடி விட்டுப் படரும். மிதித்தால் தாங்கும், நிழலிலும் பிழைக்கும், மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். 2020இல் கொரோனாவுக்காக சர்க்கிட் பிரேக்கர் என்ற ஊர்முடக்கம் வந்து எங்களையெல்லாம் டார்மிட்டரிக்குள் உட்கார வைத்தார்களே, அந்தக் காலத்தில் சாலையோரப் புல்லெல்லாம் முழங்கால் உயரம் எழுந்து பூத்துக் கிடந்தது. பட்டாம்பூச்சி வந்தது என்று ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கும் பார்க்கப் பிடித்திருந்தது. ஆனால் திரும்ப வேலைக்குப் போன முதல் இரண்டு வாரம் அந்தப் புல்லை வெட்டி முடிக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

உட்கார்ந்து ஓட்டும் மெஷின் எல்லா இடத்திலும் ஓடாது. பதினைந்து டிகிரிக்கு மேல் சரிவு இருந்தால் ஏற்றக் கூடாது என்று கையேடுகளிலேயே போட்டிருக்கும். வாய்க்கால் ஓரம், மரத்தடி, மேம்பாலத்துக்குக் கீழே உள்ள சரிவு எல்லாம் முதுகில் மாட்டும் மெஷினுக்குத்தான். சமமான திடல், பள்ளிக்கூட மைதானம், தொழிற்பேட்டையில் கட்டடம் வராமல் சும்மா கிடக்கும் பெரிய மனை, இவைதான் உட்கார்ந்து ஓட்டும் மெஷினுக்கான இடம். எங்களிடம் அப்படிப் பதினொரு இடம் இருக்கிறது. முதலாளி கேட்டது அந்தப் பதினொன்றுக்காக.

வியாபாரி ஒருவர் சோதனைக்கு மின்சார மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். 16 கிலோவாட்-மணி பேட்டரி, இருந்த இடத்திலேயே திரும்பும் வகை. நான்கு மணி நேரம் ஓடும் என்று தாளில் அச்சடித்திருந்தது. பள்ளிக்கூட மைதானம் ஒன்றில் இறக்கினோம். அன்று விடியற்காலை சுமத்ரா காற்று அடித்து நல்ல மழை. ஏழரை மணிக்கு வானம் வெளுத்துவிட்டது, ஆனால் புல் நனைந்து தலை சாய்ந்து கிடந்தது. வெட்டி மூன்று வாரம் ஆன புல் வேறு.

ஏறி உட்கார்ந்தவன் எங்கள் அறந்தாங்கித் தம்பி. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. "அண்ணே, ஆன் ஆயிடுச்சா?" என்று இரண்டு தரம் கேட்டான். முதல் அரை மணி நேரம் நாங்கள் எல்லோரும் சும்மா நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். பிளேடு காற்றைக் கிழிக்கும் ஊளைச் சத்தம் மட்டும்தான். பக்கத்து வகுப்பில் ஆசிரியர் பேசுவது காதில் விழுந்தது. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து புல் வெட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொரு மனிதர் பேசுவதைக் கேட்டதில்லை.

அப்புறம் பேட்டரி விளக்கைக் கவனிக்க ஆரம்பித்தேன். கட்டம் கட்டமாகப் பச்சை. முதல் கட்டம் இருபது நிமிடத்தில் போனது. இரண்டாவது கட்டம் அதைவிடச் சீக்கிரம். ஒரு மணி ஐம்பது நிமிடத்தில், தூரத்துக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், பிளேடு தானாக நின்றது. கொஞ்ச தூரம் நகர்ந்து சக்கரமும் நின்றது. முன்னூறு கிலோவுக்கும் மேல் கனக்கும் மெஷினை, பிரேக் லீவரை விடுவித்து, நான்கு பேர் சேர்ந்து ஈரத்தரையில் லாரி வரைக்கும் தள்ளினோம். வியாபாரியின் ஆள் மன்னிப்புக் கேட்டார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் இருந்த தாளில் காய்ந்த புல்லின் கணக்குதான் இருந்தது.

லாரியின் ஏற்றுப்பலகையில் மெஷினை நிறுத்தி, கீழே குனிந்து பிளேடு மூடியைப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்கப் பச்சை. ஈரப் புல் நறுங்கி, சாறு விட்டு, சாணி பூசின சுவர் மாதிரி மூன்று விரற்கடை கனத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பிளேடு சுழல வேண்டிய இடத்தில் பாதிதான் மிச்சம். வெட்டிய புல் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி அரைபட்டிருக்கிறது. மூங்கில் பட்டை ஒன்றை எடுத்துச் சுரண்டினேன். தோசைக் கல்லில் பிடித்த மாவு மாதிரி ஏடு ஏடாக வந்தது. பெட்ரோல் மெஷினிலும் இப்படித்தான் ஒட்டும். ஆனால் பெட்ரோல் மெஷின் உறுமிக்கொண்டே கூடுதல் எண்ணெயைக் குடித்து வேலையை முடித்துவிடும். நாம் சாயங்காலம் இன்னொரு கேன் ஊற்றுவோம், என்ன ஆனது என்று யோசிக்கவும் மாட்டோம். பேட்டரியில் அந்தக் கூடுதல் செலவு உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அதே மெஷினைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். இந்த முறை இரண்டு நாள் மழையில்லை. பத்து மணிக்கு மேல், பனி ஈரம் காய்ந்த பிறகு இறங்கினோம். வெட்டும் உயரத்தை ஒரு படி ஏற்றி வைத்தேன். முக்கால் மணிக்கு ஒரு தரம் நிறுத்தி மூடியைச் சுரண்டினோம். மூன்று மணி இருபது நிமிடம் ஓடியது. அதே மெஷின், அதே பேட்டரி, அதே தம்பி.

ஆகவே பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் கேட்பது, புல் ஈரமா காய்ந்ததா என்றுதான். தாளில் போட்டிருப்பதில் பாதியை எடுத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். அதற்கு மேல் வந்தால் நல்லது.

இப்போது செலவுக்கு வருவோம். எங்களுக்கு வந்த விலைப்புள்ளியில் பெட்ரோல் மெஷின் 14,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதே அகல மின்சார மெஷின் 31,000 வெள்ளி. பதினேழாயிரம் வித்தியாசம். முதலாளி அந்த ஒரு எண்ணைப் பார்த்தே கோப்பை மூடப் போனார். "பாஸ், ரெண்டு நாள் குடுங்க" என்று சொல்லி வாங்கி வந்தேன்.

எங்கள் பெட்ரோல் மெஷின் மணிக்கு நான்கு லிட்டர் குடிக்கிறது. இது என் நோட்டில் இருக்கிற கணக்கு. இரண்டு வருடமாக ஒவ்வொரு கேனுக்கும் குறித்து வைத்திருக்கிறேன். நான் கணக்குப் போட்ட நாளில் லிட்டர் 2 வெள்ளி 80 காசு. அதில் 95 ரகப் பெட்ரோலுக்கு 2021 பிப்ரவரியிலிருந்து 66 காசு தீர்வை மட்டும். ஆக, ஒரு மணி நேரப் புல்லுக்கு 11 வெள்ளி 20 காசு பெட்ரோல். எஞ்சின் ஆயில், ஃபில்டர், பிளக் எல்லாம் சேர்த்து மணிக்கு ஒரு வெள்ளி வைத்துக்கொள்ளலாம்.

மின்சார மெஷின் காய்ந்த புல்லில் மணிக்கு 4.8 யூனிட், அதாவது கிலோவாட்-மணி, அளவில் எடுத்தது. சார்ஜ் ஏறும்போது சூடாகி வீணாவதையும் சேர்த்தால் ஐந்தேகாலுக்குக் கொஞ்சம் மேல். யூனிட் 30 காசு என்று வைத்தால் 1 வெள்ளி 60 காசு. பெல்ட்டும் பிளேடும் இரண்டு மெஷினுக்கும் பொது. மணிக்கு 10 வெள்ளி 60 காசு மிச்சம். ஈரப் புல்லில் இரண்டு மெஷினுமே கூடுதலாகக் குடிக்கும் என்பதால் அந்த வித்தியாசம் குறையாது.

பதினேழாயிரத்தை 10.60 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,600 மணி நேரம். இந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி மேசையில் ஒட்டி வைத்தேன். மற்றதெல்லாம் இந்த 1,600ஐ எத்தனை வருடத்தில் ஓட்டி முடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. எங்கள் பதினொரு இடத்துக்கு வாரம் பதினான்கு மணி நேரம், வருடத்துக்கு 700. அப்படியானால் இரண்டேகால் வருடத்தில் வித்தியாசம் கழிந்துவிடும். இரண்டே திடல் வைத்துக்கொண்டு வாரம் ஐந்து மணி ஓட்டுகிற சின்ன கம்பெனி என்றால் ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். பேட்டரிக்கு ஐந்து வருட உத்தரவாதம்தான் கொடுக்கிறார்கள்.

பேட்டரி எவ்வளவு காலம் வரும் என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். பேட்டரிக்கு இரண்டு வயது உண்டு. உழைத்து வருகிற வயது ஒன்று, சும்மா இருந்தே வருகிற வயது ஒன்று.

உழைப்பு வயதை சார்ஜ் எண்ணிக்கையில் சொல்வார்கள். லித்தியம் பேட்டரியிலேயே ரகங்கள் இருக்கின்றன. இரும்பு-பாஸ்பேட் ரகம் பொதுவாக இரண்டாயிரம், மூவாயிரம் முறை தாங்கும். நிக்கல் சேர்ந்த ரகம் அளவில் சிறியது, எடை குறைவு, ஆனால் ஐந்நூறிலிருந்து ஆயிரம் வரைதான் பெரும்பாலும். அந்த எண்ணிக்கை முடிந்த அன்று பேட்டரி செத்துவிடாது; புதிதில் இருந்த கொள்ளளவில் எண்பது சதவீதத்துக்கு இறங்கியிருக்கும் என்று அர்த்தம். நான்கு மணி ஓடியது மூன்றேகால் மணியாகும். பழைய ஈய-அமில பேட்டரி என்றால் கதையே வேறு. 1859இல் பிளாண்டே கண்டுபிடித்த அதே வேதியியல்தான் இன்றைக்கும் கார் பேட்டரியில் இருக்கிறது. விலை மலிவு, பாரம் அதிகம், பாதிக்கு மேல் காலியாக்கினால் ஆயுள் குறைந்துகொண்டே போகும்.

சும்மா இருந்து வருகிற வயதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. சிங்கப்பூர் மாதிரி ஊரில் அதுதான் பெரிய எதிரி. வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் புழங்கும் பழைய கணக்கு. லித்தியத்துக்கும் சூடு ஆகாது. எங்கள் யார்டில் கன்டெய்னர் ஒன்றுதான் ஸ்டோர். மதியம் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். அதற்குள் பேட்டரி மெஷினை நிறுத்தி வைத்தால் அது ஓடாமலேயே கிழடாகும். அதனால் ஸ்டோருக்கு வெளியே, கூரை போட்ட, நாலு பக்கமும் காற்று வருகிற இடம் வேண்டும் என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்தேன். அதற்கு ஆகும் செலவையும் கணக்கில் சேர்த்தேன்.

ஆக, வருடத்துக்கு 700 மணி ஓட்டினால் ஐந்து வருடத்தில் 3,500 மணி. 1,600 மணியிலேயே விலை வித்தியாசம் கழிந்துவிடும். மிச்சம் இருக்கும் 1,900 மணிக்கும் 10 வெள்ளி 60 காசு வீதம் இருபதாயிரம் வெள்ளி அளவுக்குக் கையில் நிற்கும். புது பேட்டரிக்கு அந்த வியாபாரி சொன்ன விலை 11,000. உத்தரவாதம் முடிந்த மறுநாளே பேட்டரி படுத்துவிட்டால்கூட எங்களுக்கு நஷ்டம் இல்லை. வாரம் ஐந்து மணி மட்டும் ஓட்டுகிறவருக்கு ஐந்து வருடத்தில் 1,250 மணிதான். விலை வித்தியாசமே கழியாது. அவர் பெட்ரோலில் இருப்பதுதான் சரி, அல்லது சின்ன மெஷினாகப் பார்க்க வேண்டும். மின்சார மெஷின் வாங்கிவிட்டு நிறுத்தி வைக்கக் கூடாது. அதை ஓட்ட வேண்டும், நிறைய ஓட்ட வேண்டும்.

இதை டல்லாஸுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவன் கணக்கு இன்னும் சுவாரசியமாக இருந்தது. ஒரு ஏக்கர் என்றால் நம் தஞ்சாவூர்ப் பக்கக் கணக்கில் மூன்று மா. 42 அங்குல அகல மெஷினில் ஒரு மணி நேர வேலை. அவன் ஊரில் குளிர்காலத்தில் புல் தூங்கிவிடும். வருடத்தில் முப்பத்தைந்து வாரம், முப்பத்தைந்து மணி நேரம், அவ்வளவுதான். அவன் பார்த்து வைத்திருந்தவற்றில் ஜான் டீர் இசட்370ஆர் மின்சார மெஷினில் 3.56 கிலோவாட்-மணி பேட்டரி உள்ளேயே பொருத்தியிருக்கும். ஈகோ இசட்6இல் 56 வோல்ட் பேட்டரிகளை ஆறு வரை செருகலாம். கழற்றி இலை ஊதும் மெஷினிலும் போட்டுக்கொள்ளலாம். ரியோபியின் பழைய 48 வோல்ட் மாடல் ஒன்றும் யாரோ பழையதாக விற்கிறார்களாம், அது ஈய-அமிலம்.

அவனுக்குப் பெட்ரோல் மெஷினுக்கும் பேட்டரி மெஷினுக்கும் இரண்டாயிரம் டாலர் வித்தியாசம். அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு. ஆயில், பிளக் எல்லாம் சேர்த்தாலும் அவனுக்கு வருடத்துக்கு நூற்றுமுப்பது டாலர்தான் மிச்சமாகும் என்று கணக்குப் பார்த்தோம். பதினைந்து வருடம்! அதற்குள் பேட்டரி சும்மா இருந்தே கிழடாகிவிடும். வருடத்துக்கு முப்பத்தைந்து சார்ஜ் என்றால் ஐந்நூறு முறை தாங்குகிற பேட்டரிகூடப் பதினான்கு வருடம் வர வேண்டும். ஆனால் அவன் கராஜில் ஆகஸ்ட் மாதச் சூட்டில் முழுசாக சார்ஜ் ஏற்றி வைத்துவிட்டு ஊருக்கு வந்தால் அதெல்லாம் வராது.

"அப்ப பெட்ரோல்தானா மாமா?" என்று கேட்டான். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அவனுக்கு மனசு பேட்டரி மெஷின் மேல்தான். காசுக் கணக்கில் பெட்ரோல்தான் என்று சொன்னேன். ஆனால் காசு மட்டும் கணக்கில்லை என்றும் சொன்னேன். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. சனிக்கிழமை காலையில் அது தூங்கும் நேரத்தில்தான் இவனுக்கு வெட்ட நேரம். குளிர்காலம் முழுக்க நிறுத்தி வைத்த பெட்ரோல் மெஷின் மார்ச்சில் கார்புரேட்டர் அடைத்துக்கொண்டு ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். அதைக் கழற்றித் துடைக்க இவனுக்குத் தெரியாது. இதற்கெல்லாம் இரண்டாயிரம் டாலர் கொடுக்க இஷ்டம் என்றால் தாராளமாகக் கொடுக்கட்டும். மிச்சமாகும் என்று நம்பிக் கொடுக்க வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்தி அழுத்திச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். ஈய-அமில பேட்டரியை நிறுத்தி வைக்கும்போது முழுசாக சார்ஜ் ஏற்றித்தான் வைக்க வேண்டும். காலியாக விட்டால் உள்ளே உப்புப் படிந்து கெட்டியாகிவிடும், அப்புறம் சார்ஜ் பிடிக்காது. லித்தியத்துக்கு இதற்கு நேர் எதிர். பாதி அளவில், நாற்பதிலிருந்து அறுபது சதவீதத்துக்குள், குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். முழுசாக ஏற்றிச் சூட்டில் வைப்பதுதான் அதைச் சீக்கிரம் கெடுக்கிறது. எங்கள் ஆட்கள் லாரி பேட்டரி பழக்கத்தில் எல்லாவற்றையும் முழுசாக ஏற்றி வைப்பார்கள். கையில் பிடிக்கும் பேட்டரி மெஷின்கள் இரண்டு எங்களிடம் அப்படித்தான் வீணாயின. தப்பு அவர்களுடையது இல்லை, நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

சார்ஜ் போடுவது பற்றியும் ஒரு வார்த்தை. 16 கிலோவாட்-மணியைச் சாதாரண 13 ஆம்ப் பிளக்கில் ஏற்றினால், 230 வோல்ட்டுக்கு மூன்று கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் எடுக்க முடியும். ஆறு மணி நேரம் ஆகும். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஏறுவது அரை மணி ஈரப் புல்லுக்குக்கூடப் போதாது. இரவு முழுக்கப் போட்டுவிட்டுப் போவதில் எனக்குச் சம்மதம் இல்லை. வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீடுகளில் மின்ஸ்கூட்டர் பேட்டரி வெடித்துத் தீப்பிடித்ததை எல்லோரும் பார்த்தோம். ஆள் இல்லாமல் இரவெல்லாம் சார்ஜ் போடாதீர்கள் என்று குடிமைத் தற்காப்புப் படை சொல்லிக்கொண்டே இருக்கிறது. எங்கள் திட்டம் இப்படி: நான்கு மணிக்கு யார்டுக்கு வந்ததும் மெஷினை நிழலில் ஒன்றரை மணி ஆற விடுவது, ஐந்தரைக்கு சார்ஜில் போடுவது, பதினொன்றரைக்குக் காவலுக்கு இருக்கும் அண்ணன் பிளக்கை எடுத்துவிடுவது. மழையால் காலை வேலை நின்றால் அந்த நேரமும் சார்ஜ் நேரமாகும். மின்னல் எச்சரிக்கை வந்தால் மைதானத்தில் யாரும் நிற்க முடியாது. அந்த மணியெல்லாம் இதுவரை வெறும் நஷ்டம்தான்.

கழுவுவதையும் மாற்ற வேண்டும். சாயங்காலம் மெஷினைப் பீய்ச்சியடிக்கும் தண்ணீரில் கழுவித்தான் எங்களுக்குப் பழக்கம். மின்சார மெஷினில் அது ஆகாது. காற்றால் ஊதி, ஈரத்துணியால் துடைத்து, மூடியை மரப்பட்டையால் சுரண்ட வேண்டும். பத்து நிமிடம் கூடுதல்.

இனி சொல்லப்போவது வெள்ளிக் கணக்கில் வராதது. முதலாளிக்குக் கொடுத்த தாளில் இதைத்தான் முதல் பக்கத்தில் எழுதினேன்.

என் இடது காதில் எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கிறது. இரவில் படுத்தால் சில்வண்டு கத்துகிற மாதிரி. 2004இல் பட்டுக்கோட்டையிலிருந்து வந்து முதல் எட்டு வருடம் முதுகில் மெஷினை மாட்டிக்கொண்டு வெட்டினேன். காதடைப்பான் கொடுப்பார்கள், வியர்வையில் நழுவும், பக்கத்தில் ஆள் கூப்பிடுவது கேட்காது என்று கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வோம். அம்மா போன் பண்ணினால் வலது காதில் வைத்துத்தான் பேசுவேன். இடது காதில் வைத்தால் குரல் வருகிறது, சொல் வருவதில்லை.

சிங்கப்பூரில் வேலையிடச் சத்தத்துக்கு 2011இல் விதிகள் வந்தன. எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் எல்லை. சத்தம் மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 88 என்றால் நான்கு மணி, 91 என்றால் இரண்டு மணி. பெட்ரோல் முதுகு மெஷின் முழு வேகத்தில் நூறைத் தொட்டுவிடும். நூறு டெசிபலில் அனுமதி பதினைந்து நிமிடம். உட்கார்ந்து ஓட்டும் பெட்ரோல் மெஷினிலும் ஓட்டுகிறவன் எஞ்சினுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறான். மின்சார மெஷினிலும் பிளேடு சத்தம் உண்டு, காதடைப்பான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அறந்தாங்கித் தம்பி அன்றைக்கு மூன்றேகால் மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கி வந்து, நான் தாழ்ந்த குரலில் கேட்டதற்குத் தாழ்ந்த குரலிலேயே பதில் சொன்னான். பெட்ரோல் மெஷினிலிருந்து இறங்குகிறவன் கொஞ்ச நேரம் கத்தித்தான் பேசுவான். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும் அது.

அவனுக்கு வயது இருபத்து நாலு.

புகையும் அப்படித்தான். விற்பனையில் முன்னணியில் இருக்கும் வணிகப் புல்வெட்டி ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டினால் வருகிற புகைமாசு, கார் ஒன்றை ஏறத்தாழ 480 கிலோமீட்டர் ஓட்டுவதற்குச் சமம் என்று கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் கணக்கிட்டிருக்கிறது. சிங்கப்பூரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஐம்பது கிலோமீட்டர் அளவுதான் வரும். கலிஃபோர்னியாவில் 2021இல் சட்டம் இயற்றி, இப்படிப்பட்ட சின்ன எஞ்சின் கருவிகளைப் புதிதாக விற்பதற்கு 2024 முதல் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டார்கள். அந்தப் புகையைப் பக்கத்தில் நின்று குடிப்பது புல் வெட்டுகிறவன்தான்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. தேர்வு நடக்கும் நாட்களில் பள்ளிக்கூடத்துப் பக்கம் பெட்ரோல் மெஷினை ஸ்டார்ட் பண்ண விடமாட்டார்கள். தேர்வு முடிவதற்குள் புல் ஏறிவிடும். இந்த மெஷின் என்றால் தூரத்து மைதானத்தை வெட்டிக்கொள்ளலாமா என்று ஒரு பள்ளியில் கேட்டுப் பார்த்தேன். முதலில் வந்து ஓட்டிக் காட்டுங்கள், சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அதுவே பெரிய விஷயம்.

பேட்டரி தீர்ந்த பிறகு எங்கே போடுவது என்று முதலாளி கேட்டார். நல்ல கேள்வி. துவாஸில் லித்தியம் பேட்டரியைப் பிரித்தெடுத்து உலோகத்தை மீட்கும் ஆலை 2021இல் திறந்திருக்கிறது. வாங்கும்போதே பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்.

எல்லாத் தாளையும் பார்த்துவிட்டு முதலாளி, "அப்போ வாங்கிடலாமா?" என்றார். இன்னும் வேண்டாம் என்றேன். நாங்கள் ஓட்டிப் பார்த்தது ஒரு ஈர நாள், ஒரு காய்ந்த நாள். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை இறங்கும். தொடர்ந்து நான்கைந்து நாள் விடாமல் பெய்யும், தரையில் சக்கரம் புதையும். அந்த வாரத்தில் மெஷினை ஐந்து நாள் எங்களிடமே விட்டுவைக்க வியாபாரி ஒப்புக்கொள்ள வேண்டும். ஈர வாரத்திலும் ஒரு சார்ஜுக்கு இரண்டு மணி நேரம் வந்தால் பதினொரு இடத்தையும் நான் முடித்துக் காட்டுவேன். வராவிட்டால் பெட்ரோல் மெஷின் ஒன்றையும் கூடவே வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். அப்போது 1,600 என்ற எண்ணும் மாறும், தாளைத் திரும்பப் போடுவேன்.

அக்கா மகன் பேட்டரி மெஷினே வாங்கிவிட்டான். நேற்று ராத்திரி படம் அனுப்பியிருந்தான். கராஜில் வெயில் படாத மூலையில் மெஷின் நிற்கிறது, பேட்டரி விளக்கு பாதியில் இருக்கிறது. மெஷினுக்கு மேலே சுவரில் தமிழில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறான்: "பாதிக்கு மேல ஏத்தாதே. மூடியைச் சுரண்டு. மாமா." வெட்டப் போகும் அன்றைக்குக் காலையில் முழுசாக ஏற்றிக்கொள்ளலாம், நிறுத்தி வைக்கும்போதுதான் பாதி என்று பதில் போட்டேன். அதையும் தாளில் சேர்த்து எழுதுகிறேன் என்றான்.